செவ்வாய்க்கிழமை, இருபது மில்லி

தார்த்துவில் ஆறு உறைந்துவிட்டால்
மூன்றரை மணிக்கே இருட்டு.
வில்வே மேலங்கியை மாட்டிவிட்டு
முப்பத்தேழு பாகை அறைக்குள் நுழைகிறாள்.
கட்டடத்திலேயே வெதுவெதுப்பான இடம் அதுதான்.
அங்கே குடியிருப்பவை
அவள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன ஒரு நாயின்
சிறுநீரகச் செல்கள்.

ரப்பர் சவ்வின்மேல் தோளோடு தோள்,
வெள்ளி மாலைப் பேருந்தில் நிற்பவர்கள்போல.
அவள் திருகைத் திருப்புகிறாள்.
சவ்வு நீள்கிறது.
இழுத்த இழுப்புக்கெல்லாம் வருகின்றன.
முனகினாலும்
நுண்ணோக்கிக்குக் காது கிடையாது.

முதலில் ஒன்றுமே நடக்காது.
தேநீர் ஆறும்.
ஆனால் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் சில கதவுகள்,
பூட்டில்லை, சாவியில்லை,
சுவர் விறைத்தால் மட்டும் திறப்பவை,
அவை எப்போதோ திறந்துவிட்டன.
கால்சியம் உள்ளே கொட்டுகிறது.
ஓரத்தில் சும்மா கிடந்த ஒரு புரதம்
எழுந்து உட்கருவுக்குள் போய்ச் சொல்கிறது:
இடம் இருக்கிறது.

அவ்வளவுதான் செய்தி.

நூற்றில் ஒன்று கேட்கிறது.
பிடிகளை ஒவ்வொன்றாய்த் தளர்த்தி
உருண்டு நிமிர்கிறது.
உள்ளே கதிர் மெல்லத் திரும்பி
எந்தப் பக்கம் இழுபட்டதோ
அந்தப் பக்கமாகவே பார்த்து நிற்கிறது.
பிறகு இரண்டு.

நெருக்கினால் வேறு கதை.
திருகைத் திருப்பிவிட்டால்
கூட்டம் தன்னில் ஒருவரை
உயிரோடு பிதுக்கி வெளியே தள்ளும்.
அதை அவள் இரண்டு முறை பார்த்திருக்கிறாள்,
இரண்டு முறையும் கணினித்திரையை அணைத்துவிட்டாள்.

*

செவ்வாய்க்கிழமைகளில் மருத்துவமனை.
புகைக்குளியல் அறையின் அடுப்பு சீறி
இடது கன்னத்தைக் கொண்டுபோன தம்பி கௌபோ,
ஆறு வருடம் பேசாதவன்
(வீடு விற்ற பணம், வேறென்ன)
மேசையில் சட்டையில்லாமல்.
தோள்பட்டைத் தோலுக்கடியில் ஒரு பலூன்.
வாரம் இருபது மில்லி உப்புநீர்.

"இரண்டாவது தலை முளைக்கிறது," என்கிறான்,
"இதற்காவது மூளை இருக்கட்டும்."

மருத்துவர் தோய்வோ ஊசியைச் சாய்க்கிறார்.
தோல் மினுங்குகிறது, இறுகுகிறது,
உச்சியில் வெளுக்கிறது.
உடனே இரண்டு மில்லி திரும்ப உறிஞ்சுகிறார்.
எப்படித் தெரியும் என்று வில்வே கேட்டதற்கு
பெருவிரலைக் காட்டினார்.
நானோநியூட்டன் வரை அளக்கும் கருவி வைத்திருப்பவள்
தன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"அந்த நாய்க்கு வலிக்குமா?"
கௌபோ கேட்டது அது ஒன்றுதான் அன்று.
நாய் இல்லை, செல்கள் என்றாள்.
"எனக்கு ராத்திரியில் வலிக்கிறது.
பின்னிரவில், நீ கேட்கவில்லை என்றாலும்."

*

அந்தப் பின்னிரவில் அவள் லேசரைக் கூட்டி
இரண்டு செல்களுக்கு நடுவே
ஒரே ஒரு எல்லைக்கோட்டை அறுத்தாள்.
அறுந்த முனைகள் தெறித்து விலகின.
சுற்றியிருந்தவை எல்லாம் அசைந்தன, ஆறு வரிசை தள்ளியும்.
அதுவரை அசையாத தரைபோலத்தான் இருந்தது.
அறுத்த பிறகே தெரிந்தது
எவ்வளவு வலுவாக ஒன்றையொன்று
இழுத்துப் பிடித்திருந்தன என்று.

வெளியே ஆற்றுப்பனி ஒருமுறை வெடித்தது.
அவள் தொலைபேசியை எடுத்தாள்,
மணியைப் பார்த்தாள்,
இருந்தும் அடித்தாள்.

*

ஏப்ரலில் பலூனை எடுத்தார்கள்.
குளிர்காலம் முழுக்க
செல் செல்லாய்ப் பெருகியிருந்த தோலை
அடியில் ஒரு நரம்போடும் குழாயோடும்
கழுத்துவழியே திருப்பிக் கன்னத்தில் தைத்தார்கள்.
நிறம் கொஞ்சம் வேறு.
சிரித்தால் ஒரு பக்கம் தாமதமாக வருகிறது.

பாலத்தின்மேல் நடந்தபோது
அவள் கையுறையைக் கழற்றி அங்கே தொட்டாள்.
"தோளை ஏன் தொடுகிறாய்?" என்றான்.
தொடவில்லை என்றாள்.
"தோளைத்தான் தொடுகிறாய்."

சில மாதத்தில் மாறும் என்கிறார் தோய்வோ.
சிலருக்கு மாறுவதில்லை என்றும்.

காலந்தவறிய பனித்தூள் ஒன்று இறங்கி
அவன் புதுக்கன்னத்தில் உட்கார்ந்தது.
கௌபோ சட்டைக் கழுத்தை
இழுத்து மூடிக்கொண்டான்.